இணையத்தளம் கட்டி விற்கும் தொழில்: கறந்து பார்த்து வாங்குவோம்

சுயதொழில் பாடம்



சென்ற பாடத்தில் கறவை மாடு வாங்கி வளர்ப்பதைப் பற்றிப் படித்தோம். இந்தப் பாடம் வேறொரு தொழில் பற்றியது. தலைப்பைப் பார்த்துவிட்டு, "இது படித்த பிள்ளைகளுக்கு, நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையின் போனில் இந்த விளம்பரம் ஏற்கெனவே வந்திருக்கும். "ரெடிமேட் வெப்சைட் விற்பனைக்கு. மாதம் 60 டொலர் வருமானம். வீட்டில் இருந்தே சம்பாதிக்கலாம்." போனைப் பார்ப்பது பிள்ளைதான். ஆனால் காசு கொடுக்கப் போவது அம்மாவும் அப்பாவும்.

ஒரு நாள் பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்த நேரத்தில், ஒரு அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். பின்னால் அவருடைய மகன். ஏ.எல். எழுதிவிட்டு, கொழும்பில் ஒரு கடையில் இரண்டு வருடம் நின்றுவிட்டு ஊருக்குத் திரும்பிய பையன். அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த சங்கிலியை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"ஐயா, இதை அடகு வைக்கப் போறோம். இவன் ஏதோ வெப்சைட் வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். வாங்கினா மாசாமாசம் காசு வருமாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, வாங்கலாமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், நானே ஒரு முறை அடிபட்டவன். 2019ஆம் ஆண்டு, என் மகள் ஓ.எல். முடித்த நேரம், டவுனில் ஒருவர் "உங்க மகளுக்கு ஒரு தளம் செஞ்சு தாறேன், வருமானம் தானா வரும்" என்றார். சீட்டுக் காசையும் தீபாவளி முற்பணத்தையும் சேர்த்து 45,000 ரூபாய் கொடுத்தேன். தளம் இருந்தது, பொய் இல்லை. ஆனால் அதன் பெயர் அவருடைய பேரிலேயே இருந்தது. ஒரு வருடம் முடிந்ததும் அவர் போன் எடுக்கவில்லை, தளமும் மறைந்துவிட்டது. வீட்டில் இரண்டு மாதம் சொல்லாமல் மறைத்தேன். சேமநல உத்தியோகத்தருக்கே இந்த நிலை என்றால் வெட்கம்தான். அந்த வெட்கத்தை விட்டுத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

1. இணையத்தளம் என்பது என்ன?

ஒரு தளத்துக்கு மூன்று பகுதி உண்டு.

முதலாவது, பெயர். இதை டொமைன் என்பார்கள். முடிவில் .கொம், .எல்கே என்று வரும். நம் நாட்டுக்குரிய .எல்கே 1990இல் இருந்து இருக்கிறது. தமிழிலேயே .இலங்கை என்று முடியும் பெயரும் பதியலாம். பெயரை யாரும் ஒரே தடவையில் நிரந்தரமாக வாங்க முடியாது. குறிப்பிட்ட காலத்துக்குக் காசு கட்டிப் பதிந்து, காலம் முடிய முன் புதுப்பிக்க வேண்டும். சாதாரண .கொம் பெயருக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 10 முதல் 15 டொலர் வரை போகும்.

இரண்டாவது, இடம். தளத்தின் எழுத்தும் படமும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணனியில் இருக்க வேண்டும். அந்த இடத்தை மாத வாடகைக்கு எடுப்பதை ஹோஸ்டிங் என்பார்கள். முதல் வருடம் மலிவாகக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் வாடகையைக் கூட்டுவது இந்தத் தொழிலில் வழக்கம்.

மூன்றாவது, உள்ளே இருக்கும் விஷயம். எழுத்து, படம், விளக்கம். ஆட்கள் தேடி வருவது இதற்காகத்தான். தளம் கட்ட வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருள் 2003இல் இருந்து இருக்கிறது. அதை வைத்து, கணனி மொழி தெரியாதவரும் ஒரு தளத்தைக் கட்டிவிடலாம். ஆகவே கட்டுவது இன்று பெரிய வித்தை இல்லை. ஆட்களை வரவைப்பதுதான் கஷ்டம்.

இதில் ஒரு விஷயம் நமக்கு நன்றாகப் புரியும். வீட்டில் குடியிருப்பது வேறு, உறுதி நம் பேரில் இருப்பது வேறு. நாலு தலைமுறை லயத்தில் இருந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தளத்துக்கு உறுதி என்பது அந்தப் பெயர்ப் பதிவு. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

2. காசு எங்கிருந்து வருகிறது?

தளத்தைப் பார்க்க வருபவர் காசு தருவதில்லை. இரண்டு வழியில் வருமானம் வரும்.

ஒன்று விளம்பரம். கூகுள் கம்பனி 2003இல் அட்சென்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. நம் தளத்தில் அவர்கள் விளம்பரம் போடுவார்கள், அதில் ஒரு பங்கை நமக்குத் தருவார்கள். தமிழ்த் தளங்களுக்கும் 2018இல் இருந்து இந்த வசதி உண்டு. மற்றது கொமிஷன். நம் தளத்தைப் பார்த்து ஒருவர் வேறு கடையில் சாமான் வாங்கினால், கடைக்காரர் நமக்கு ஒரு வீதம் தருவார்.

அட்சென்ஸ் பற்றி ஐந்து உண்மைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

(அ) 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

(ஆ) கணக்கில் 100 டொலர் சேரும் வரை காசு கைக்கு வராது.

(இ) 10 டொலர் சேர்ந்ததும் ஒரு இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். முகவரி சரிதானா என்று பார்க்கத்தான் இது. அந்த எண்ணைக் குறித்த காலத்துக்குள் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

(ஈ) நம் விளம்பரத்தை நாமே அமுக்கினாலோ, கூட்டாளிகளை அமுக்கச் சொன்னாலோ கணக்கை மூடிவிடுவார்கள்.

(உ) ஒருவருடைய அட்சென்ஸ் கணக்கை இன்னொருவருக்கு விற்க முடியாது. தளத்தை வாங்கியவர் தன் பேரில் புதுக் கணக்கு எடுத்துப் போட வேண்டும். "அனுமதி கிடைத்த கணக்கோடு தளம் விற்பனைக்கு" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

3. கட்டி விற்பது எப்படி?

நம்மில் பலர் மெலிந்த கன்றை வாங்கி, புல்லு அறுத்துப் போட்டு, தேற்றி விற்கிறோம். அதே வேலைதான் இது. ஒருவர் புதிதாகத் தளம் கட்டுவார், அல்லது கவனிப்பார் இல்லாமல் கிடக்கும் தளத்தை வாங்குவார். நல்ல விஷயங்களை எழுதிச் சேர்ப்பார். பழைய தவறான தகவலைத் திருத்துவார். சீக்கிரம் திறக்கும்படி செய்வார். ஆட்கள் வரத்து கூடும், வருமானம் ஏறும். பிறகு விற்பார்.

இதற்கென்றே சந்தைகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்பேர்னில் 2009இல் தொடங்கிய பிளிப்பா என்பது அவற்றில் பெயர் பெற்றது. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அங்கே தளத்தை விற்கலாம், வாங்கலாம். பட்டியலில் போடுவதற்கும், விற்ற பிறகும் சந்தைக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். சந்தையில் இருப்பதால் மட்டும் மாடு நல்ல மாடு ஆகிவிடாது. அதை வாங்குபவர்தான் பார்க்க வேண்டும்.

4. விலை போடும் கணக்கு

மாட்டுக்கு விலை பேசும்போது, ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் கறக்கும் என்று கேட்கிறோம். தளத்துக்கும் அப்படித்தான். மாதம் செலவு போக மிஞ்சும் லாபம் எவ்வளவு என்று பார்த்து, அதை இத்தனை மாதம் என்று பெருக்குவார்கள். சிறிய தளங்களுக்குப் பெரும்பாலும் 20 முதல் 40 மாத லாபம் விலையாக வரும். புதிய தளத்துக்குக் குறைவாக வரும். பல வருடம் ஒரே சீராக ஓடும் தளத்துக்குக் கூட வரும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். டொலர் 300 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

மாத வருமானம் (12 மாதச் சராசரி): 22 டொலர்
மாதச் செலவு, இடவாடகை 5, பெயருக்கு 1: 6 டொலர்
மாத லாபம்: 16 டொலர்
20 மாத லாபம் விலை என்றால்: 320 டொலர், அதாவது 96,000 ரூபாய்

96,000 என்றதும் கண் விரியும். கொஞ்சம் பொறுங்கள். அந்த நிலைக்கு வர, வாரத்துக்கு 8 மணித்தியாலம் வீதம் 60 வாரம் வேலை செய்திருந்தால், மொத்தம் 480 மணித்தியாலம். எட்டு மணித்தியால வேலை நாளாகப் பார்த்தால் 60 பேர். 96,000ஐ 60ஆல் பிரித்தால் ஒரு பேருக்கு 1,600 ரூபாய். இதிலும் சந்தைக் கட்டணம் கழியும். உங்கள் நாட்சம்பளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோசமான தொழில் இல்லை, மந்திரமும் இல்லை. ஆட்களே வராத தளத்துக்கு 60 பேர் வேலை செய்தாலும் அரைப்பேர் சம்பளம் கூடக் கிடைக்காது. அப்படிப் போன தளங்கள் நிறைய.

ஏன் 12 மாதச் சராசரி என்கிறோம்? கன்று ஈன்ற புதிதில் பால் கூடத்தான் வரும். தளத்துக்கும் பருவம் உண்டு. சிவனொளிபாதமலையைப் பற்றிய தளம் என்று வையுங்கள். மார்கழிப் பௌர்ணமியில் இருந்து வெசாக் வரை யாத்திரைக் காலம். ஆட்கள் தேடித்தேடிப் படிப்பார்கள். மற்ற மாதங்களில் தேடுபவர் குறைவு. மாசி மாத வருமானத்தை மட்டும் காட்டி விலை பேசினால் வாங்குபவர் ஏமாறுவார்.

இப்போது அந்த அம்மா கொண்டு வந்த விளம்பரத்தைப் பாருங்கள். மாத லாபம் 60 டொலர், விலை 600 டொலர். அதாவது வெறும் பத்து மாத லாபம். நான் பையனிடம் கேட்டேன்: "தம்பி, பத்து மாசத்தில போட்ட காசு திரும்பி வர்ற தளம்னா, அந்த ஆள் ஏன் விக்கிறாரு? இன்னும் பத்து மாசம் வச்சிருந்தா அவருக்கே அந்தக் காசு வந்துடுமே? சந்தையில போட்டா இதைவிட ரெண்டு மடங்கு விலை போகுமே?" பையன் பதில் சொல்லவில்லை. அம்மா சொன்னார்: "நல்லா கறக்கிற மாட்டை யாரு ஐயா பாதி விலைக்குக் குடுப்பா?" இந்தப் பாடத்தின் சாரமே அந்த ஒரு கேள்விதான்.

5. வாங்குமுன் பார்க்க வேண்டிய மூன்று

அடுத்த சனிக்கிழமை நாங்கள் மூவரும் ஹட்டனுக்குப் போனோம். கணனி படிப்பிக்கும் ஒரு மாஸ்டர் எனக்குப் பழக்கம். அவர் அரை மணித்தியாலத்தில் மூன்று விஷயத்தைப் பார்த்துச் சொன்னார். காசு ஒன்றும் செலவில்லை.

முதலாவது, பெயரின் வயது. ஒரு பெயர் எந்தத் திகதியில் பதியப்பட்டது என்பதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அந்தத் தளம் "இரண்டு வருடமாகச் சம்பாதிக்கிறது" என்று விளம்பரத்தில் இருந்தது. பெயர் பதிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

இரண்டாவது, பழைய தோற்றம். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற அமைப்பு, தளங்கள் முன்பு எப்படி இருந்தன என்பதைப் படம்போலச் சேர்த்து வைக்கிறது. அதன் வேபேக் மெஷின் என்ற பகுதி 2001இல் இருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அங்கே அந்தத் தளத்தின் சுவடே இல்லை. சில பெயர்கள் பழையதாக இருக்கும், ஆனால் முன்பு சூதாட்டத் தளமாக இருந்திருக்கும். அதுவும் இங்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது, கறந்து பார்ப்பது. வருமானப் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சாட்சி இல்லை. படத்தில் இருக்கும் எண்ணை ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கணக்குப் புத்தகத்தை, பார்க்க மட்டும் முடிகிற அனுமதியோடு நமக்குத் திறந்து விடச் சொல்ல வேண்டும். வருமானக் கணக்கை நம் கண்முன்னே திறந்து, மாதம் மாதமாகக் காட்டச் சொல்ல வேண்டும். பையன் அங்கிருந்தே விற்பவரிடம் இதைக் கேட்டான். "நம்பிக்கை இல்லாட்டி விடுங்க, வேற ஆள் ரெடியா இருக்கு" என்று பதில் வந்தது. நேர்மையாக விற்பவர் அப்படிச் சொல்ல மாட்டார். கறந்து காட்டச் சொன்னால் கோபிக்கிறவரிடம் நாம் மாடு வாங்குவதில்லை.

அம்மா சங்கிலியை அந்த இடத்திலேயே கழுத்தில் போட்டுக்கொண்டார்.

6. காசும் உறுதியும் கைமாறும் விதம்

உண்மையான தளம்தான் என்று தெரிந்த பிறகும், காசை நேராக அனுப்பக் கூடாது. நடுவில் ஒருவர் காசைப் பிடித்து வைக்கும் முறை உண்டு. அதற்கு எஸ்குரோ என்று பெயர். 1999இல் தொடங்கிய எஸ்குரோ.கொம் இந்த வேலையைச் செய்யும் பழைய கம்பனி. ஒழுங்கு இப்படி:

(1) வாங்குபவர் காசை நடுவரிடம் கட்டுவார்.

(2) விற்பவர் பெயர்ப் பதிவை வாங்குபவரின் கணக்குக்கு மாற்றுவார்.

(3) தளத்தின் கோப்புகளையும் கடவுச்சொற்களையும் ஒப்படைப்பார்.

(4) வாங்குபவர் கடவுச்சொல்லை எல்லாம் மாற்றி, எல்லாம் சரிதானா என்று பார்ப்பார்.

(5) அதன் பிறகே நடுவர் காசை விடுவிப்பார்.

புதிதாகப் பதிந்த பெயரை ஒரு பதிவுக் கம்பனியில் இருந்து இன்னொன்றுக்கு உடனே மாற்ற முடியாமல் பூட்டு இருக்கும். அப்போதும் அதே கம்பனிக்குள் வாங்குபவரின் கணக்குக்கு மாற்ற வழி உண்டு. "பூட்டு இருக்கு, காசை முதலில் போடுங்க, பெயரைப் பிறகு தாறேன்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். நடுவர் கம்பனி போலவே போலித் தளம் செய்து காசு பறிப்பவர்களும் உண்டு. விற்பவர் அனுப்பும் இணைப்பை அமுக்காமல், நடுவரின் முகவரியை நாமே எழுத்தெழுத்தாக அடித்துப் போக வேண்டும்.

7. வாங்காமல் தானே கட்டினால்?

திரும்பி வரும் பஸ்ஸில் பையன் முகம் தொங்கிப் போயிருந்தது. நான் சொன்னேன், "தம்பி, சங்கிலியைப் போட வேணாம். உன் உழைப்பைப் போடு. நஷ்டம் வந்தா அது தாங்கக்கூடிய நஷ்டம்."

தானே கட்டுபவருக்குச் சில விதிகள்.

தனக்குத் தெரிந்ததை எழுத வேண்டும். அந்தப் பையன் மஸ்கெலியாப் பக்கம் பிறந்தவன். சிவனொளிபாதமலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவன். வெளிநாட்டுக்காரர் கேட்கும் கேள்விகளுக்கு அவனுக்குப் பதில் தெரியும். ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கினால் நல்லதண்ணிக்கு எப்படிப் போவது, எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கினால் சூரிய உதயம் பார்க்கலாம், உச்சியில் குளிருக்கு என்ன உடுப்பு வேண்டும், பருவம் இல்லாத மாதத்தில் ஏறினால் பாதையில் வெளிச்சம் இருக்குமா. இதெல்லாம் எங்கோ இருந்து எழுதுகிறவருக்குத் தெரியாது. இங்கிலீஷை மட்டும் மாஸ்டர் திருத்திக் கொடுத்தார்.

பிறர் எழுத்தையும் படத்தையும் எடுத்துப் போடக் கூடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது குற்றம். பெயர் பெற்ற கம்பனியின் பெயரைப் போலப் பெயர் பதிந்து, அவர்களுக்கே விற்கப் பார்ப்பதும் வேண்டாம். அப்படிப்பட்ட பெயரைப் பறித்துக் கொடுக்கும் விசாரணை முறை 1999இல் இருந்து இருக்கிறது.

இயந்திரத்தைக் கொண்டு ஒரே இரவில் நூறு பக்கம் எழுதிப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். செயற்கை நுண்ணறிவு அப்படி எழுதும், உண்மைதான். ஆனால் ஆட்களுக்கு உதவாத பக்கங்களைக் குவித்துப் போடும் தளங்களை ஒதுக்குவதாக 2024 மார்ச்சில் கூகுள் விதி போட்டது. கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை போலத்தான் அது. பார்க்கப் பச்சையாக இருக்கும், கிள்ளினால் கொழுந்து இருக்காது.

நேர்மையாக எழுதினாலும் ஆபத்து ஒன்று உண்டு. இந்தத் தளங்களுக்கு ஆட்கள் பெரும்பாலும் கூகுள் தேடல் வழியாகத்தான் வருகிறார்கள். தேடல் முறையைக் கூகுள் மாற்றினால் வரத்து ஒரே வாரத்தில் விழலாம். 2023 செப்டெம்பரில் வந்த மாற்றத்தில் சின்னத் தளங்கள் பல அப்படி விழுந்தன. 2024இல் இருந்து, தேடுபவருக்கு இயந்திரமே மேலே பதில் எழுதிக் காட்டுகிறது. அதனால் தளத்துக்குள் வராமலே போய்விடுகிறவர்களும் உண்டு. ஆகவே கடன் எடுத்துச் செய்யும் தொழில் இது இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். வருடத்துக்குப் பெயருக்கும் இடத்துக்கும் ஆகும் செலவு, அதுதான் இதில் போடக்கூடிய அளவு. நகை அடகு, சேமலாப நிதிக் காசு, பிள்ளையின் படிப்புக் காசு, இவை மூன்றையும் தொடவே கூடாது.

8. அந்தப் பையனின் தளம் என்ன ஆனது?

இதையும் மறைக்காமல் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் ஒரு சதமும் வரவில்லை. தளத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று பேர், நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் அவனுடைய அம்மாதான். தங்கச்சியின் போனில் தினமும் திறந்து பார்ப்பாராம். யாத்திரைக் காலம் தொடங்கியதும் வரத்து கூடியது. பத்தாம் மாதம் கணக்கில் 10 டொலர் சேர்ந்தது. தபாலில் இரகசிய எண் வர வேண்டும். வரவில்லை. இரண்டாவது முறை கேட்டான். அதுவும் வரவில்லை.

பிறகு தெரிந்தது, முதல் கடிதம் நம் தோட்ட ஆபீசில்தான் கிடந்தது. நம் கடிதங்கள் வீட்டுக்கு வருவதில்லை. லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டு வந்து கொடுத்தால்தான் உண்டு. ஜன்னல் ஓரத்து அலுமாரியில், பழைய கடிதக் கட்டுக்குள் மூன்று வாரமாக அது இருந்தது. தவறு எங்கள் பக்கம். அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றில் இருந்து, வந்த கடிதங்களின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டுகிறோம். உங்கள் பெயர் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். வங்கிக் கடிதம், பரீட்சைப் பெறுபேறு, வேலை நேர்முகப் பரீட்சைக் கடிதம் எல்லாம் இப்படித்தான் தவறிப் போகின்றன.

இன்று அந்தத் தளத்துக்குப் பதினேழு மாதம். சராசரியாக மாதம் 9 டொலர் வருகிறது. செலவு 5 போக மிச்சம் 4. ஒருவர் 100 டொலருக்குக் கேட்டிருக்கிறார். நாம் படித்த கணக்குப்படி அது 25 மாத லாபம், நியாயமான விலைதான். பையன் இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த யாத்திரைக் காலம் வரை வைத்திருப்போம் என்கிறான்.

ஆனால் எதிர்பாராத வேறொரு வழி திறந்தது. அவனுடைய தளத்தைப் பார்த்த ஒரு தங்குமிடக்காரர், "எங்களுக்கும் இப்படி ஒன்று செய்து தா" என்று கேட்டார். செய்து கொடுத்து 15,000 ரூபாய் வாங்கினான். பிறகு இன்னொருவர் கேட்டார். தளத்தை விற்றால் வரும் காசைவிட, தளம் கட்டத் தெரிந்த கைக்கு வந்த காசு கூட. அவன் அந்த இரண்டு பேருக்கும் பெயரை அவரவர் பேரிலேயே பதிந்து, கடவுச்சொல்லைத் தாளில் எழிதிக் கையில் கொடுத்திருக்கிறான். எனக்கு 2019இல் யாரும் அப்படிச் செய்யவில்லை. அதைக் கேட்டபோது மனம் நிறைந்தது.

நினைவில் வைக்க வேண்டியவை

* உறுதி யார் பேரில் என்று முதலில் கேளுங்கள். பெயர்ப் பதிவு நம் கணக்குக்கு வராத தளம் நம்முடையது அல்ல.
* மாத லாபத்தை 12 மாதச் சராசரியில் பாருங்கள். ஒரு மாதத்துப் படத்தை நம்ப வேண்டாம்.
* அளவுக்கு மிஞ்சி மலிவாக இருந்தால், "ஏன் விற்கிறார்?" என்று கேளுங்கள்.
* காசை நடுவர் மூலம் மட்டும் கொடுங்கள்.
* பிள்ளைக்கு ஆசை இருந்தால் தடுக்க வேண்டாம். தளம் வாங்கக் காசு கொடுப்பதை விட, தளம் கட்டப் பழக வழி செய்யுங்கள்.
* ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்தி, வங்கிச் சிட்டை எதையும் அழிக்காமல் பொலிசில் முறையிடுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது.

பயிற்சி

வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யுங்கள்.

1. ஒரு தளத்தின் மாத வருமானம் 30 டொலர், மாதச் செலவு 8 டொலர். 24 மாத லாபம் விலை என்றால் எத்தனை டொலர்?

2. அதே தளத்தை ஒருவர் 150 டொலருக்குத் தருவதாகச் சொல்கிறார். அவரிடம் நீங்கள் கேட்கும் முதல் மூன்று கேள்விகள் என்ன?

3. உங்கள் தோட்டத்தைப் பற்றி, வெளியூரில் இருக்கும் ஒருவருக்குத் தெரியாத, உங்களுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்த ஐந்து விஷயங்களை எழுதுங்கள்.

மூன்றாவது கேள்விக்குத்தான் நேரம் எடுங்கள். கட்டுவதாக இருந்தால் வேலை அதில் இருந்துதான் தொடங்கும். விடைகளைச் சேமநல அலுவலகத்தில் கொடுத்தால் திருத்தித் தருகிறேன். சந்தேகம் இருப்பவர்கள் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வந்து கேட்கலாம். சங்கிலியை அடகுக் கடைக்குக் கொண்டு போக முன், வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் மேசைக்கு ஒரு தடவை வந்து போங்கள்.

அடுத்த பாடத்தில் சந்திப்போம். வணக்கம்.